நகர வெப்பக் குழாய் வலையமைப்பின் திட்டப்படத்தைக் காட் கோப்பாக மாற்றுதல்: யாழ்ப்பாணத்து வரைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர் நாடுகளின் பல நகரங்களில் ஒவ்வொரு வீடும் தனித்தனியே நெருப்பு மூட்டி அறையைச் சூடாக்குவதில்லை. ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்களால் வீடுகளுக்கு அனுப்பி, அங்கே வெப்பத்தைக் கொடுத்து ஆறிய நீரை இன்னொரு குழாயால் அதே இடத்துக்குத் திருப்பி எடுக்கிறார்கள். 1877 இல் அமெரிக்காவின் லொக்போர்ட் நகரில் நீராவியைக் கொண்டு வணிக முறையில் இது தொடங்கியது. 1903 இல் டென்மார்க்கின் பிரெடெரிக்ஸ்பேர்க்கில் குப்பை எரிக்கும் ஆலையின் வெப்பம் இவ்வாறு பயன்பட்டது. இன்று கோப்பன்ஹேகன் நகரின் கட்டடங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியிலேயே சூடாகின்றன. ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்து 'மாவட்ட வெப்பமூட்டல்' என்று எழுதுவோர் உண்டு. ஆனால் மாவட்டம் என்றவுடன் நம் ஊரில் கச்சேரியே, அதாவது மாவட்டச் செயலகமே, நினைவுக்கு வரும். ஜேர்மன், டேனிஷ், நோர்வேஜிய மொழிகள் இதனைத் 'தூரத்து வெப்பம்' என்ற பொருளில் அழைக்கின்றன. இந்தக் கட்டுரையில் 'நகர வெப்ப வழங்கல்' என்ற பெயரைப் பயன்படுத்துகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய குழாய் எதுவும் இல்லை. எனினும் டென்மார்க்கிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் உள்ள உறவினர், நண்பர் வழியாக அங்குள்ள பொறியியல் அலுவலகங்களின் வரைதல் வேலை எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களுக்கு வருகிறது. அவற்றுள் அடிக்கடி வரும் வேலை ஒன்று உண்டு. புவியியல் தகவல் முறைமையில் சேர்த்து வைக்கப்பட்ட குழாய் வலையமைப்பை, ஒப்பந்தகாரரும் வீதிப் பொறியியலாளரும் திறக்கக்கூடிய காட் (கணினி வழி வரைதல்) வரைபடக் கோப்பாக மாற்றிக் கொடுப்பதே அது. கேட்பதற்கு ஒரு பொத்தானை அழுத்தும் வேலை போலத் தோன்றும். உண்மையில் அந்தப் பொத்தானுக்கு முன்னால் செய்பவையே வேலை. தகவல் முறைமையில் ஒரு கோட்டுக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. விட்டம், பதித்த ஆண்டு, காப்பின் தடிப்பு, எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பன யாவும் அதில் உள்ளன. காட் மென்பொருள்களுக்கிடையே படங்களைப் பரிமாறும் டிஎக்ஸ்எவ் (DXF) கோப்புக்கு அந்த அட்டவணை செல்லாது. கோட்டின் வடிவம், அது இருக்கும் லேயர் (படத்தின் அடுக்கு), நிறம், அருகில் எழுதிய எழுத்து, புளொக் (ஒரே அலகாகத் திரும்பத் திரும்ப இடும் குறியீடு) என்பவை மட்டுமே செல்லும். ஆகவே அட்டவணையிலுள்ள எந்தத் தகவல் தப்பிப் பிழைக்க வேண்டும், அது எந்த வடிவில் பிழைக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் வரைஞரின் பொறுப்பு.

கீழே சொல்லும் படிமுறை புவியியல் தகவல் முறைமைக்கான இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸை (QGIS) அடிப்படையாகக் கொண்டது. வேறு மென்பொருளில் மெனுக்களின் பெயர் மாறுமேயன்றி ஒழுங்கு மாறாது.

தொடங்குமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

வேலை தருபவரிடம் ஆறு விடயங்களை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆள்கூற்று முறைமை எது, வரைபடத்தின் அலகு மீற்றரா மில்லிமீற்றரா, எந்த அளவுத்திட்டத்தில் அச்சிடப் போகிறார்கள், அவர்களது லேயர் பெயரிடும் விதி என்ன, எந்தப் பதிப்பின் கோப்பு வேண்டும், சூடான நீரைக் கொண்டுசெல்லும் வழங்கற்குழாய் எந்தப் பக்கத்தில் வரையப்பட வேண்டும் என்பனவே அவை. தொலைபேசியில் கேட்டால் போதாது. இரு பக்கத்தாரும் பேசும் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருக்கும்போது இடமும் வலமும் எளிதில் மாறிவிடும். அவர்கள் முன்பு ஏற்றுக்கொண்ட ஒரு மாதிரிக் கோப்பைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது. ஒரு மாதிரி பத்து மின்னஞ்சலுக்குச் சமம்.

முதற் படி: ஆள்கூற்று முறைமை

இந்தப் படியில் நேரும் பிழை மற்ற எல்லாப் பிழைகளையும் விடப் பெரியது என்பதால் இதனைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். டிஎக்ஸ்எவ் கோப்பில் வெறும் எண்களே உள்ளன. அந்த எண்கள் எந்த எறியத்தை (உருண்டையான புவியைத் தட்டையான படமாக்கும் முறையை) சேர்ந்தவை என்பதைக் கோப்பு தன்னோடு எடுத்துச் செல்வதில்லை. தரவு அகலக்கோடு, நெடுங்கோடு என்ற பாகைகளில் இருக்க, அதை அப்படியே ஏற்றுமதி செய்தால், ஒரு முழுக் குடியிருப்பும் 0.02 அலகு அகலமான ஒரு புள்ளியாகக் காட் திரையில் சுருங்கிவிடும். அதுமட்டுமன்றிக் கிழக்கு மேற்குத் திசையில் வடிவமும் இழுபட்டிருக்கும். அளவைப் பெருக்கிச் சரி செய்யலாம் என்று எண்ணக்கூடாது. பாகையை ஒரே எண்ணால் பெருக்கி மீற்றராக்க முடியாது.

டென்மார்க்கிலும் ஜேர்மனியின் பெரும்பகுதியிலும் தெற்கு நோர்வேயிலும் பொதுவாகப் பயன்படுவது ஈரிஆர்எஸ்89 (ETRS89) என்ற ஐரோப்பிய அளவைத் தளத்தில் அமைந்த யூரிஎம் (UTM) எறியத்தின் 32ஆம் வலயம். ஆள்கூற்று முறைமைகளுக்கு வழங்கப்படும் அடையாள எண்ணான ஈபிஎஸ்ஜி (EPSG) எண் அதற்கு 25832. இந்த முறைமையில் ஓடென்சே நகரத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழக் கிழக்கு 588,000, வடக்கு 6,140,000 என்ற அளவில் வரும். இத்தகைய ஓர் எதிர்பார்ப்பு எண்ணை வேலை தொடங்கும்போதே தாளில் எழுதி வையுங்கள். கோப்பைத் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அதுவே.

யூரிஎம் முறைமையில் மத்திய நெடுங்கோட்டின் அளவுக் காரணி 0.9996 ஆகும். அதாவது அந்தக் கோட்டில் நிலத்தில் 1,000 மீற்றராக உள்ள குழாய் வரைபடத்தில் 999.6 மீற்றராக வரும். ஓடென்சே அந்தக் கோட்டுக்குக் கிழக்கே ஏறத்தாழ 88 கிலோமீற்றர் தள்ளியிருப்பதால் அங்கே குறைவு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். குறுகிய வீதிக்கு இது பொருட்டல்ல. நீண்ட பிரதான குழாய்க்கோ, நிலத்தில் அளந்த நீளத்துக்கும் படத்தின் நீளத்துக்கும் இடையில் வேறுபாடு வந்து, குழாய்த் துண்டுகளின் கணக்கும் வளைவுகளின் இடமும் பிசகும். இதைக் குறைக்கவே நோர்வேயில் என்ரிஎம் என்ற ஒடுங்கிய வலயங்களைக் கட்டுமான வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். எனவே 'யூரிஎம்தானே' என்று தாமாக முடிவெடுக்காமல் வலய எண்ணோடு கேட்டுப் பெற வேண்டும்.

மில்லிமீற்றர் அலகில் கோப்பு வேண்டும் என்று கேட்கப்பட்டால், மாற்றத்தை ஏற்றுமதியின்போது செய்யாமல், மீற்றரில் ஏற்றுமதி செய்து சரிபார்த்த பின்னர் காட் மென்பொருளில் 0,0 புள்ளியை மையமாக வைத்து 1,000 மடங்கு பெருக்குங்கள். பெருக்காத மூலக்கோப்பையும் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: தரவைச் செம்மையாக்குதல்

வலையமைப்பில் ஒரு கோட்டுக்கு ஒரு விட்டம்தான் இருக்க வேண்டும். விட்டம் மாறும் இடத்தில் கோடு வெட்டப்பட்டிருக்க வேண்டும். கிளை பிரியும் இடத்தில் இரு கோடுகளும் ஒரே முனையில் தொட வேண்டும். தொடுவது போலத் தோன்றி மூன்று சென்ரிமீற்றர் விலகி நிற்கும் முனைகளை ஒட்டுக் கருவியால் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது கோட்டின் திசை. ஒவ்வொரு கோடும் வெப்ப நிலையத்திலிருந்து வீட்டை நோக்கி வரையப்பட்டிருக்க வேண்டும். இணையாக நகர்த்தும் கருவி இடம், வலம் என்று அறிவது கோடு வரையப்பட்ட திசையைக் கொண்டுதான். எங்கள் அலுவலகத்தின் தொடக்க வேலைகளில் ஒன்றில், ஒரு வீதியின் கோடு மட்டும் எதிர்த்திசையில் வரையப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த வீதியில் வழங்கற்குழாயும், ஆறிய நீரைத் திருப்பி எடுக்கும் மீள்குழாயும் இடம் மாறிய படத்தை அனுப்பிவிட்டேன். அங்கிருந்த பொறியியலாளர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதால் அகழி தோண்டப்படுமுன் திருத்த முடிந்தது. அந்தப் படத்தை நம்பி ஒரு வீட்டு இணைப்பை ஒட்டியிருந்தால் அது தவறான குழாயில் போய்ச் சேர்ந்திருக்கும். அன்று முதல் எல்லாக் கோடுகளுக்கும் அம்புக்குறி வைத்துத் திரையில் பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்கிறேன்; நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

கோடுகளை எளிமையாக்கும் கருவியை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். வீதி வரைபடத்தில் தேவையற்றதாகத் தோன்றும் முடக்குகள் வெப்பக் குழாயில் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. உருக்கு ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீற்றர் நீளும். 10 பாகையில் பதித்த 100 மீற்றர் குழாய் 90 பாகைக்குச் சூடாகும்போது, தடுக்க எதுவும் இல்லையென்றால், 96 மில்லிமீற்றர் நீளும். அந்த நீட்சியை வாங்கிக்கொள்வதற்காகவே எல், இசெட், யூ வடிவ வளைவுகள் வடிவமைப்பில் வருகின்றன. கருவி அவற்றை நேராக்கிவிட்டால் படம் அழகாக இருக்கும், பொறியியல் செத்துவிடும்.

மூன்றாம் படி: ஒரு கோட்டை இரு குழாயாக்குதல்

பெரும்பாலான தகவல் முறைமைகளில் இரு குழாய்களும் ஒரே மையக் கோடாகச் சேமிக்கப்பட்டிருக்கும். காட் படத்தில் இரண்டாக வேண்டுமா என்பதை அளவுத்திட்டமே தீர்மானிக்கிறது. டிஎன் 100 (பெயரளவு விட்டம் 100) குழாயை எடுத்துக்கொள்வோம். ஈஎன் 253 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி அமைந்த முற்காப்பிட்ட குழாயில் உள்ளே 114.3 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள உருக்குக் குழாயும், அதைச் சுற்றிப் பொலியூரத்தேன் நுரையும், வெளியே பொலிஎதிலீன் உறையும் உள்ளன. முதலாம் காப்புத் தொடரில் (காப்பின் தடிப்பைக் குறிக்கும் வகைகளுள் முதலாவதில்) உறையின் வெளிவிட்டம் 200 மில்லிமீற்றர். இரு உறைகளுக்கும் இடையில் 150 மில்லிமீற்றர் இடைவெளி விடப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், மையத்துக்கு மையம் 350 மில்லிமீற்றர் ஆகும். இது 1:500 படத்தில் 0.7 மில்லிமீற்றர், இரு கோடுகளும் ஒட்டி ஒரு தடித்த கோடாகவே அச்சில் விழும். 1:100 படத்தில் 3.5 மில்லிமீற்றர், தெளிவாகத் தெரியும். எனவே மேலோட்டப் படத்துக்கு ஒற்றைக் கோடும், அகழிப் படத்துக்கு இரட்டைக் கோடும் என்று இரு வகைக் கோப்புகளைத் தனித்தனியாகக் கொடுப்பதே முறை. தெளிவுக்காகக் கோடுகளைப் பொய்யாக விலக்கி வரைய வேண்டுமென்று கேட்கப்பட்டால், 'இடைவெளி அளவுக்குரியதல்ல' என்று படத்திலேயே எழுதுங்கள். இல்லையேல் யாராவது அதை அளந்து தோண்டுவார்கள்.

இரட்டைக் கோட்டை உருவாக்கக் குறியீட்டு அமைப்பிலுள்ள விலகல் வசதியையும் பயன்படுத்தலாம். ஆனால் அது ஏற்றுமதியில் எப்படி வெளிவரும் என்பது தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுத்தது. ஆகவே செயலாக்கக் கருவிகளிலுள்ள இணைகோட்டுக் கருவியால் உண்மையான இரு புதிய கோடுகளை உருவாக்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். அந்தக் கருவியில் நேர் எண் கொடுத்தால் கோட்டின் இடப்பக்கத்திலும், மறை எண் கொடுத்தால் வலப்பக்கத்திலும் புதிய கோடு விழும். மேற்சொன்ன டிஎன் 100 குழாய்க்கு அது 0.175, மறை 0.175 ஆகும். விட்டத்துக்கேற்ப மாறும் தூரத்தை அட்டவணையில் ஒரு தனிப் புலமாக வைத்து, கருவி அந்தப் புலத்தை வாசிக்கும்படி அமைக்கலாம். மூலைகளின் இணைப்பு வகையில் வட்டமானதைத் தவிர்த்துக் கூரானதைத் தெரிவு செய்யுங்கள். வட்டத்தைத் தெரிந்தால் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 90 பாகை வளைவுத் துண்டு இருக்க வேண்டிய இடத்தில், இல்லாத ஒரு பெரிய வில் தோன்றும்.

கிளை பிரியும் இடங்களை எந்தக் கருவியும் சரியாகச் செய்து தராது. வழங்கற்குழாய் வலப்பக்கத்தில் உள்ள ஒரு பிரதான வரியிலிருந்து வலப்பக்கமாகக் கிளை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையின் வழங்கற்குழாய் பிரதான வழங்கற்குழாயிலேயே முடிய வேண்டும். கிளையின் மீள்குழாயோ பிரதான வழங்கற்குழாயைக் கடந்து சென்று மீள்குழாயைத் தொட வேண்டும். இணைகோட்டுக் கருவி தரும் முனைகள் அந்தரத்தில் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக நீட்டியும் வெட்டியும் சேர்ப்பது கைவேலைதான். இருநூறு வீட்டு இணைப்புகள் உள்ள வலையமைப்பில் இதற்கே இரண்டு நாள் போகும். விலை சொல்லும்போது இந்த இரண்டு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரு உருக்குக் குழாய்களும் ஒரே உறைக்குள் அமைந்த இரட்டைக் குழாய் வகையும் உண்டு. அதற்குரிய தரம் ஈஎன் 15698. அதனைப் பிரித்து வரையக் கூடாது. ஒற்றைக் கோடாக, தனி லேயரில் வைக்க வேண்டும்.

உயரத் தகவலும் இங்கேதான் தொலையும். அகழி திறந்திருக்கும்போது குழாயின் மேல்முகட்டை அளந்து பதிந்த உயரங்கள் தரவில் இருந்தால், இணைகோட்டுக் கருவி அவற்றைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்காமல், மூல மையக் கோட்டை உயரங்களோடு ஒரு தனி லேயராகவும் கொடுங்கள்.

நான்காம் படி: லேயர் பெயருக்கான புலம்

அட்டவணை செல்லாத கோப்பில் தகவலைச் சுமக்கும் முதல் வாகனம் லேயரின் பெயர். கணிப்பான் கருவியால் ஒரு புதிய எழுத்துப் புலத்தை உருவாக்கி, அதில் வலையமைப்பின் வகை, வழங்கலா மீளா என்பது, விட்டம், நிலை ஆகியவற்றைக் கீழ்க்கோட்டால் இணைத்து எழுதுங்கள்: வெப்பம்_வழங்கல்_100_உள்ளது, வெப்பம்_மீள்_100_திட்டம் என்ற மாதிரி. உண்மைக் கோப்பில் இவற்றைப் பெறுபவரின் விதிப்படி ஆங்கில எழுத்துகளிலேயே வையுங்கள்.

லேயர் பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, சமன்குறி, காற்புள்ளி போன்ற குறிகள் வரக்கூடாது. '114.3/200' என்று உறை அளவை அப்படியே பெயரில் சேர்க்கும் ஆசை வரும். அந்தச் சாய்கோடு லேயர் பெயரில் செல்லுபடியாகாது. புலம் வெறுமையாக உள்ள கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. விட்டம் பதியப்படாத குழாய்களுக்கு 'அறியாதது' என்ற பெயரில் ஒரு லேயர் ஒதுக்குவது நேர்மையானது. பக்கத்துக் குழாயைப் பார்த்து ஊகித்து நிரப்புவது ஆபத்தானது.

எதை லேயராக்குவது, எதை எழுத்தாக்குவது என்பதில் என் கருத்து இதுதான்: ஒரே சொடுக்கில் மறைக்கவோ காட்டவோ யாரேனும் விரும்பும் பிரிவு லேயராக வேண்டும், வாசிக்க மட்டும் வேண்டியது எழுத்தாக வேண்டும். பதித்த ஆண்டை லேயராக்கினால் நாற்பது ஆண்டுக்கு நாற்பது மடங்கு லேயர்கள் பெருகும்.

ஐந்தாம் படி: எழுத்தும் குறியீடும்

விட்டம், உறை அளவு, நீளம் என்பவற்றை கியூஜிஐஎஸ்ஸின் லேபிள் அமைப்பில் எழுதினால் அவை டிஎக்ஸ்எவ் கோப்புக்கு எழுத்துகளாகச் செல்லும். நீளத்தைக் கோட்டின் வடிவத்திலிருந்து கணித்து எழுதாமல், தரவில் அளந்த நீளம் இருந்தால் அதையே எழுதுங்கள். முதற் படியில் சொன்ன அளவுக் காரணியே இதற்குக் காரணம். தானாக இடம் தேடும் லேபிள்கள் நெருக்கமான இடத்தில் சிலவற்றை விட்டுவிடும். எல்லா லேபிள்களையும் காட்டும் தெரிவை இயக்கி, பின்னர் காட் மென்பொருளில் கையால் நகர்த்துவது பாதுகாப்பானது.

கியூஜிஐஎஸ் எழுதும் கோப்பு, பரவலான காட் மென்பொருளான ஓட்டோகாட்டின் 2000 பதிப்பின் அமைப்பில் இருக்கும். டிஎக்ஸ்எவ் அமைப்பு, எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூரிஎவ்-8 (UTF-8) குறியாக்கத்துக்கு மாறியது 2007 பதிப்பில்தான். ஆகையால் டேனிஷ், ஜேர்மன் மொழிகளின் சிறப்பெழுத்துகள் உள்ள வீதிப் பெயர்களுக்கு, ஏற்றுமதிப் பெட்டியிலுள்ள குறியாக்கத் தெரிவில் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமான 1252ஐ வைத்துப் பாருங்கள். தமிழில் வீதிப் பெயர் வேண்டுமானால், அவற்றைக் காட் மென்பொருளில் தமிழ் யூனிகோட் எழுத்துருவைக் கொண்ட எழுத்துப் பாணியில் பின்னர் சேர்ப்பதே தொல்லையில்லாத வழி. ஓட்டோகாட்டின் பழைய கோட்டு எழுத்துருக்களில் தமிழ் இல்லை, கேள்விக்குறிகளே தெரியும்.

வால்வு, குழாயை அசையாமல் பிடிக்கும் நிலைப்புள்ளி, காற்று வெளியேற்றி, கசிவு கண்டறியும் கம்பியின் அளவீட்டுப் பெட்டி ஆகியன புள்ளிகளாக இருக்கும். ஒரு வகைக்கு ஒரு எளிய குறியீடு என்று வைத்தால் அவை புளொக்குகளாகச் செல்லும். அளவோ நிறமோ தரவைப் பொறுத்து மாறும் குறியீடுகள் பழைய பதிப்புகளில் புளொக்காகச் செல்லாமல் தனித்தனிக் கோடுகளாக உடைந்து செல்லும். புதிய பதிப்புகளில் அதற்கென ஒரு தெரிவு உண்டு.

ஆறாம் படி: ஏற்றுமதி

புரொஜெக்ட் மெனுவில் இம்போர்ட்/எக்ஸ்போர்ட் என்பதன் கீழ் டிஎக்ஸ்எவ் ஏற்றுமதி உள்ளது. லேயரின் மேல் வலச்சொடுக்கிச் சேமிக்கும் இன்னொரு வழியும் உண்டு. ஆனால் அதில் லேபிள்கள் வராது. அதை ஒரு தனி லேயரின் வெறும் வடிவத்தைக் கொடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

திறக்கும் பெட்டியில் வேண்டிய லேயர்களைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்காம் படியில் உருவாக்கிய புலத்தைக் காட்டுங்கள். இதைத் தவறவிட்டால் எல்லாக் குழாயும் ஒரே லேயரில் போய் விழும். குறியீட்டு முறையில் மூன்று தெரிவுகள் உள்ளன: குறியீடு இல்லாமல், கூறுவாரியாக, குறியீட்டு அடுக்குவாரியாக. பெறுபவர் தமது சொந்த நிறங்களைப் பூசுவாராயின் முதலாவது போதும். மற்றப்படி இரண்டாவதே பொருத்தம். மூன்றாவது, ஒரு கோட்டின் மேல் இன்னொன்றாக அடுக்கிய ஒவ்வொரு குறியீட்டையும் தனிக் கோடாக எழுதுவதால், ஒரு குழாய் இரண்டு மூன்றாகப் பெருகி நீளக் கணக்கைக் குழப்பும். குறியீட்டு அளவுத்திட்டத்தில் அச்சிடப் போகும் அளவையே இடுங்கள். எழுத்தின் உயரம் இதிலிருந்தே கணிக்கப்படுகிறது. ஆள்கூற்று முறைமையை இங்கே மறுபடியும் பார்த்து உறுதி செய்யுங்கள். உயரமுள்ள லேயர் இருந்தால் இருபரிமாணமாக்கும் தெரிவை இயக்காதீர்கள். தற்போதைய காட்சிப் பரப்புக்குள் உள்ளவற்றை மட்டும் ஏற்றும் தெரிவு இயங்கியிருந்தால், பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சந்தி மட்டுமே கோப்பில் இருக்கும்.

செய்மதிப் படம் போன்ற பின்னணிகளும், அச்சுத் தளத்தில் நீங்கள் அமைத்த தலைப்புக் கட்டமும் வடக்குக் குறியும் டிஎக்ஸ்எவ் கோப்புக்குச் செல்லாது. அவற்றைக் காட் மென்பொருளிலேயே அமைக்க வேண்டும்.

ஏழாம் படி: சரிபார்த்தல்

இதற்கு ஏற்றுமதிக்குச் செலவிட்ட நேரத்தின் பல மடங்கைச் செலவிடுங்கள். முதலில் கோப்பை கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே திரும்பக் கொண்டுவந்து, அதே ஆள்கூற்று முறைமையைக் கொடுத்து, மூலத் தரவின் மேல் விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு விட்டத்துக்கும் மொத்த நீளத்தை இரு பக்கமும் கூட்டி ஒப்பிடுங்கள். இரட்டைக் கோட்டில் வழங்கலும் மீளும் மூலைகளில் சிறிது வேறுபடுவது இயல்பு. ஒரு முழுத் துண்டின் நீளத்துக்கு வேறுபட்டால் எதுவோ விடுபட்டிருக்கிறது.

பின்னர் லிப்ரேகாட் அல்லது ஓட்டோகாட்டில் திறந்து, தாளில் எழுதி வைத்த எதிர்பார்ப்பு எண்ணோடு ஒரு புள்ளியை ஒப்பிடுங்கள். அலகு அமைப்பைப் பாருங்கள். கோடுகளின் நிறம் லேயரைப் பின்பற்றுகிறதா, தனியாகப் பூசப்பட்டுள்ளதா என்று பாருங்கள். தனியாகப் பூசப்பட்டிருந்தால் பெறுபவர் லேயரின் நிறத்தை மாற்றியும் கோடு மாறாது. வழங்கலுக்குச் சிவப்பும் மீளுக்கு நீலமும் வைப்பது பரவலான வழக்கம். ஓட்டோகாட்டின் நிற எண்ணில் அவை 1, 5 ஆகும்.

சந்தேகம் வந்தால் கோப்பை ஒரு சாதாரண எழுத்துத் தொகுப்பானில் திறந்து வாசிக்கலாம். டிஎக்ஸ்எவ் அமைப்பை ஓட்டோடெஸ்க் நிறுவனம் 1982 இல் ஓட்டோகாட்டின் முதற் பதிப்போடு வெளியிட்டது. இன்றும் அது இரண்டிரண்டு வரிகளாலான எளிய எழுத்துக் கோப்புதான். முதல் வரி ஒரு குறியீட்டெண், அடுத்த வரி அதன் மதிப்பு. 8க்குக் கீழே லேயரின் பெயர், 10க்குக் கீழே கிழக்கு, 20க்குக் கீழே வடக்கு, 30க்குக் கீழே உயரம். ஒரு லேயரின் பெயரைத் தேடி எண்ணினாலே அதில் எத்தனை கூறுகள் உள்ளன என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த அமைப்பைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்ட வரைஞருக்கு மென்பொருள் எதைத் தந்தாலும் மிரட்சி வராது.

ஓட்டோகாட்டின் சொந்த வகையான டிடபிள்யூஜி (DWG) கோப்பு கேட்டால், ஓடிஏ (Open Design Alliance) அமைப்பின் கோப்பு மாற்றியால் வேண்டிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின், பிழைகளைத் தேடித் திருத்தும் ஆடிட் கட்டளையையும் பயன்படாதவற்றை நீக்கும் பேர்ஜ் கட்டளையையும் ஓடவிடுங்கள். அனுப்பும் கோப்பின் ஒரு மூலையில் ஆள்கூற்று முறைமையின் ஈபிஎஸ்ஜி எண், உயரத் தளம், அலகு, தரவு எடுத்த திகதி என்பவற்றை எழுத்தாக வைத்துவிடுங்கள். மின்னஞ்சலில் எழுதினால் அது கோப்பிலிருந்து பிரிந்துவிடும்.

இதே முறையை நம் ஊர்க் குழாய்களுக்குப் பயன்படுத்தும்போது

2024 ஓகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கிணற்றை மட்டும் நம்பியிருந்த நம் வீதிகளிலும் குடிநீர்க் குழாய் வலையமைப்பு வரைபடங்களின் தேவை இதனால் கூடியுள்ளது. குடிநீருக்கு மீள்குழாய் இல்லையாதலால் மூன்றாம் படி முழுவதையும் விட்டுவிடலாம்; மற்ற எல்லாம் அப்படியே பொருந்தும்.

ஆள்கூற்று முறைமையில் மட்டும் நமக்கென்று ஒரு பொறி இருக்கிறது. இலங்கைக் கட்டம் 1999 என்பதன் ஈபிஎஸ்ஜி எண் 5235. அதற்கு முந்திய கந்தவளைத் தளத்துக் கட்டத்தின் எண் 5234. புதியதில் தொடக்கப் புள்ளிக்கு 500,000, 500,000 என்ற மதிப்பும், பழையதில் 200,000, 200,000 என்ற மதிப்பும் வழங்கப்பட்டுள்ளன. ஆகவே யாழ்ப்பாண நகரின் ஒரு புள்ளி புதிய கட்டத்தில் ஏறத்தாழக் கிழக்கு 417,000, வடக்கு 795,000 என்றும், பழைய கட்டத்தில் கிழக்கு 117,000, வடக்கு 495,000 என்றும் வரும். இரண்டுக்கும் இடையில் 300,000 தானே வேறுபாடு என்று கூட்டிக் கழித்து நகர்த்திவிடாதீர்கள். தளங்கள் வேறு என்பதால் மீற்றர் கணக்கில் பிசகு மிஞ்சும். கையிலுள்ள பழைய காட் படத்தில் கிழக்கு எண் ஒரு லட்சத்துச் சொச்சமாகத் தெரிந்தால், அதை கியூஜிஐஎஸ்ஸில் 5234 என்று அறிமுகப்படுத்தி, மறு எறியக் கருவியால் 5235க்கு மாற்றி, இரு முறைமையிலும் இடம் அறியப்பட்ட ஒரு நில அளவைக் கல்லோடு ஒப்பிட்ட பின்னரே புதிய குழாய்களோடு சேருங்கள்.